மூன்று சதவீதமும் ஒரு விமான டிக்கெட்டும்

கணக்கு என்றாலே கொட்டாவி விடுகிறவர்கள்கூட இந்தக் கதையை முழுசாகக் கேட்டாக வேண்டும். இதில் கணக்கு கொஞ்சம்தான். ஒரு வீடு, மூன்று ஆட்கள், ஒரு விமான டிக்கெட். கடைசியில் ஒரு கேள்வி வரும், நழுவக் கூடாது.

ஊருக்குப் பேச வேண்டுமென்றால் ஐந்து டாலர் போன் கார்டைச் சுரண்டி நம்பர் அடித்த காலம் அது. அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில், இரண்டு அறை வீட்டை மூன்று பேர் பங்கு போட்டிருந்தார்கள். அருப்புக்கோட்டைக் கனகவேல், தூத்துக்குடி இன்னாசி, கீழக்கரை ஜியாவுதீன். கனகவேலுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. சொந்த வீடு, இரண்டு கார். ஆனாலும் அந்த வீட்டு ஹீட்டர் போட்ட கடகட சத்தம் அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தச் சந்தோஷம் அதற்கப்புறம் வாய்க்கவே இல்லை.

புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு அங்கே லேசில் கிரெடிட் கார்டு தரமாட்டார்கள். கனகவேல் பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்ததால், அங்குள்ள ஊழியர்களின் கிரெடிட் யூனியனில் உறுப்பினர் ஆனான். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் மாதிரிதான் அது. அவர்கள் அவனுக்கு ஒரு கார்டு கொடுத்தார்கள். மற்ற இருவருக்கும் அதே கணக்கில் ஆளுக்கொரு கார்டு வாங்கித் தந்தான். மூன்று பேர் செலவும் ஒரே பில்லில் வரும்.

அந்தக் கார்டில் செலவழித்தால் கொஞ்சம் கேஷ்பேக்காகத் திரும்பி வரும். எல்லாச் செலவுக்கும் ஒரே மாதிரி வராது. மளிகைக் கடையில் நூறு டாலருக்கு மூன்று, பெட்ரோலுக்கு இரண்டு, மற்றதற்கெல்லாம் ஒன்று.

சமையல் இன்னாசியின் பொறுப்பு. எதை எங்கே வாங்கினால் மூன்று கிடைக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. போன் கார்டைக்கூடப் பெட்ரோல் பங்கில் வாங்க விடமாட்டான். "மளிகைக் கடைக் கல்லாவுலயும் அதேதான்டா தொங்குது, அங்க வாங்குனா மூணு" என்பான். அரிசியோடு துடைப்பம், ஷாம்பூ, குளிருக்குக் கையுறை எல்லாமே மளிகைக் கடையிலிருந்தே வந்து இறங்கும்.

ஜியாவோ கடைப் பக்கமே போகமாட்டான். முடி வெட்டவும் இன்டர்நெட்டுக்கும்தான் அவன் கார்டு வெளியே வரும், எல்லாம் ஒரு சதவீதச் சமாசாரம். ஆனால் ஐந்தாம் தேதி வந்தால் போதும், அறை வாசலில் வந்து நின்றுவிடுவான்.

"மாப்ள, செக் எழுது. முழுசா எழுது."

எழுதுகிறவரை டிவி ரிமோட் கண்ணில் படாது. மூன்று செக்கையும் எடுத்துக்கொண்டு, பனி கொட்டினாலும் யூனியனில் கட்டிவிட்டுத்தான் திரும்புவான். வட்டி அவன் மார்க்கத்தில் ஆகாது, வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த இரண்டு படுபாவிகளும் வைத்த பெயர் என்ன தெரியுமா? கந்துவட்டி!

ஒருமுறை கனகவேல் ஆசைப்பட்டுப் பெரிய டிவி ஒன்றை வாங்கி வந்தான். "இந்த மாசம் மினிமம் மட்டும் கட்டிக்கலாம்டா" என்றான். ஜியா பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. "நூத்துக்கு மூணு குடுக்கிறவன், பாக்கி வெச்சா வருஷத்துக்குப் பதினாலு புடுங்குவான்" என்று சொல்லி, இவர்கள் திட்டத் திட்டத் தானே தூக்கிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். கனகவேல் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மூன்று வருஷம் கேஷ்பேக்கை யாரும் தொடவில்லை. ஒரு மார்கழியில் எடுத்துப் பார்த்தால், ஊருக்குப் போய்வர ஒரு டிக்கெட்டுக்குச் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்று. கையில் வேறு காசு எவனிடமும் இல்லை. சம்பாதித்ததெல்லாம் ஊருக்குப் போய்விட்டது. மூன்று வருஷமாக ஒருத்தனும் வீட்டு முகம் பார்க்கவில்லை.

"கார்டு எம் பேர்ல இருக்கு. பில்லு கட்டாம நின்னிருந்தா யார் பேருடா கெட்டிருக்கும்? தையில தங்கச்சி கல்யாணம். நாந்தான் போவேன்" என்றான் கனகவேல்.

"பேரு உன்னுது, சேத்தது யாரு? நான் கடை கடையா அலையலைன்னா இதுல பாதி வந்திருக்காது. பெத்த புள்ளைய போட்டோவுலதான்டா பாத்திருக்கேன்" என்றான் இன்னாசி.

"எனக்கும் ஊர் இருக்கு. உம்மா இருக்காக" என்றான் ஜியா மெதுவாக.

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். "ஒரு சதவீதக்காரன் நீ பேசாத!"

பேச்சு தடித்தது. தட்டில் சோறு ஆறிப்போனது. ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. கனகவேலுக்குத் தங்கச்சியை விடவும் முடியவில்லை, இவர்களை விடவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஜியா சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.

"சண்டை இருக்கட்டும் மாப்ள. இன்னைக்கு அஞ்சாம் தேதி. ரெண்டு பேரும் செக்க எழுதுங்க."

இப்போது சொல்லுங்கள். பெயர் கொடுத்தவன், தேடிச் சேர்த்தவன், ஒரு சதவீதக்காரன், இந்த மூவரில் நியாயப்படி அந்த டிக்கெட் யாருக்கு?

விடை: ஜியாவுக்குத்தான், சந்தேகமே வேண்டாம். ஒரு சில மாதம் பாக்கி விழுந்திருந்தால், இன்னாசி அலைந்து சேர்த்ததை வட்டி தின்றிருக்கும், கனகவேலின் பெயரும் கெட்டிருக்கும். செக் என்ற சொல் காதில் விழுந்ததுமே கனகவேலுக்கு அந்த டிவிப் பெட்டி ஞாபகம் வந்து சுருக்கென்றது. முழுத் தொகைக்கும் எழுதி நீட்டிவிட்டு, "டிக்கெட்டும் உன் பேர்லதான்டா, கந்துவட்டி" என்றான். இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த கம்பளிச் சட்டையை ஜியாவின் பெட்டியில் வைத்தான். ஜியா போனான். உம்மா கையால் சாப்பிட்டான். அருப்புக்கோட்டைக் கல்யாணத்தில் அண்ணன் ஸ்தானத்தில் நின்று பந்தி பரிமாறினான். தூத்துக்குடியில் அந்தச் சட்டையைத் தானே பிள்ளைக்குப் போட்டுவிட்டான். ஒரு டிக்கெட்டில் மூன்று வீட்டுக்கும் ஆள் போய்ச் சேர்ந்தது. இன்று கனகவேலின் பில் பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடுகிறது, வாசலில் வந்து நிற்க யாரும் இல்லை. ஆனாலும் ஐந்தாம் தேதி காலையில், பிற்பாடு ஊரோடு போய்விட்ட ஜியாவுக்கு அவன் கீழக்கரைக்குப் போன் போட்டுவிடுவான். எடுத்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "மாப்ள, முழுசா கட்டிட்டியா?"