பூவரசு நிழலில் நின்ற அதிகாரி

முன்னொரு காலத்தில் பனிக்கோடு என்ற மலைநாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குக் காலையில் ஒன்று தோன்றும், மாலையில் வேறொன்று தோன்றும். நடுவில் அகப்பட்டவன் பாடு திண்டாட்டம்தான்.

ஒருநாள், "ஊற்று வற்றுகிறது. சோலைக்காடு புல்மேட்டிலும் பரவட்டும்" என்று உத்தரவிட்டான். தோட்ட அதிகாரி திருமேனியார் கிளம்பினார். புல்மேட்டில் அங்கங்கே நின்ற காட்டுப்பூவரசுகளை வெட்டி எறிந்தார். தரையைப் பளிச்சென்று ஆக்கி, வரிசையாக நாவல் கன்றுகளை நட்டார். பல்லக்கில் போகும் ராஜாவின் கண்ணுக்கு ஒவ்வொரு கன்றும் தெரியவேண்டுமாம்!

ஒரே ஒரு பூவரசு தப்பியது. எருமைக்காரர்கள் அதன் கீழே கல் நட்டுக் கும்பிட்டு வந்தார்கள். சாமி மரத்தில் கோடாரி வைக்க அதிகாரிக்கு நடுக்கம்.

மூன்று பனிக்காலம், மூன்று நடவு. அத்தனையும் கருகிப்போயின. ராஜா முறைத்ததும் திருமேனியார் கைகாட்டியது, எருமை மேய்க்கும் பெள்ளனை.

"இவன் எருமைகள் தின்றுவிட்டன, மகாராஜா!"

"அப்படியா? நாளையே மந்தையோடு மலையிறங்கிப் போ" என்றான் ராஜா.

பெள்ளனுக்கு வேறு ஊர் கிடையாது. அவன் பிறந்த மேடு அது. கீழ்நாட்டு வெயிலில் அவன் எருமைகள் ஒரு மாதம் தாங்காது. வெட்டுண்ட ஒவ்வொரு பூவரசும் நின்ற இடம் அவனுக்கு மனப்பாடம். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"போகிறேன், மகாராஜா. போகுமுன் எங்கள் சாமி மரத்தடியை ஒருமுறை பாருங்கள்."

ராஜா போய்ப் பார்த்தான். மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு நாவல் கன்றுகளும் விக்கி என்ற சோலைமரக் கன்றுகளும் தளதளவென்று நின்றன. சுற்றிலும் எருமைச் சாணம்.

"இதை எருமை தின்னவில்லையா, திருமேனியாரே?"

அதிகாரி அசரவில்லை. "அது சாமியின் அருள், மகாராஜா. மரத்துக்கு இதில் என்ன வேலை?"

"ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றான் பெள்ளன். "நாளை விடியற்காலையில் ஐயா தாம் துடைத்துவைத்த வெளியில் போர்வையில்லாமல் கொஞ்சம் நிற்கட்டும். கன்று பனிக்காலம் முழுக்க நின்ற இடம்தானே? வெயில் ஏறும்வரை நகராமல் நின்றால் நான் தோற்றேன்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "நிற்பார்!" என்றான்.

விடியலில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி. பட்டு அங்கவஸ்திரத்தோடு திருமேனியார் நின்றார். காற்று ஒருமுறை வீசியது. பல் தந்தியடித்தது. இரண்டாவது முறை வீசியதும் மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். போய் ஒதுங்கிய இடம் சாமி மரத்தடி.

"அங்கே ஏன் ஓடினீர்?" என்று ராஜா கேட்டான்.

"இங்கே பனியே விழவில்லை, மகாராஜா! காற்றையும் மரம் மறிக்கிறது!"

"இதைத்தான் அந்தக் கன்றுகளும் சொல்லியிருக்கும்" என்றான் பெள்ளன். "அதுகளுக்கு வாயில்லை, ஓடக் காலுமில்லை. உச்சிவெயிலிலும் அப்படித்தான். பெரியது ஒன்று முன்னே நின்றால்தான் சிறியது பிழைக்கும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, கருகிய வரிசைகளை வெகுநேரம் பார்த்தான்.

"பெள்ளா, மேடு உன் மந்தைக்கே. இனி இங்கே எதை எங்கே நடுவது என்பதும் உன் பேச்சு. திருமேனியாரே, வெட்டிய பூவரசு அத்தனைக்கும் ஈடாக உம் கையாலேயே புதுக்கன்று நடவேண்டும்."

ராஜாவின் பல்லக்கு போனதும் திருமேனியார் தயங்கித் தயங்கிப் பெள்ளனிடம் வந்தார். "நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே, பெள்ளா. என்னை மன்னித்துவிடு."

பெள்ளன் எருமையின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"முதலில் பூவரசை நடுங்கள், ஐயா. அது ஆளுயரம் வளரட்டும். அதன் கீழே ஒரு நாவல் கன்று தழைக்கட்டும். அப்புறம் வந்து கேளுங்கள், யோசிக்கிறேன்."