காலருக்குள் ஆதாரம்

எங்கள் ஊர் பேங்க் மேனேஜர் திருவேங்கடநாதனிடம் கடன் கேட்டால், சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முறைப்பார். அவரிடம் போய், கேஸ் இஸ்திரிப் பெட்டி வாங்கப் பத்தாயிரம் கேட்டார், துணி வெளுத்துத் தேய்த்துத் தரும் காத்தமுத்து.

“இதுக்கு முன்னாடி எந்த பேங்க்லயாவது கடன் வாங்கிக் கட்டியிருக்கியா?”

“எந்த பேங்க் சார் எனக்குக் கொடுத்துச்சு? கந்துவட்டிக்காரர்கிட்டதான் வாங்குறேன். அவர் ரசீது தர்றதில்ல.”

“அப்ப எதை நம்பிக் கொடுக்கிறது? வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிற ஆள்தான்னு எழுத்துல ஆதாரம் கொண்டா,” என்றார் மேனேஜர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

“அதை நீங்கதான் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க சார். சட்டைக் காலரைத் திருப்பிப் பாருங்க.”

கேஷியர் எட்டிப் பார்த்தார். காலரின் உள்பக்கம், அழியாத மையில் காத்தமுத்து போட்ட அடையாளக் குறி இருந்தது.

“ஒன்பது வருஷமா வாரம் ஆறு சட்டை வாங்கிட்டுப் போறேன். ஒண்ணாவது திரும்பி வராம இருந்திருக்கா? உதிர்ந்த பட்டனை நானே தைச்சுத் தர்றேனே, அது வட்டி.”

வரிசை சிரித்தது. மேனேஜர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“சரி, சரி. மனுவைக் கொடுத்துட்டுப் போ. பரிசீலிக்க மூணு மாசம் ஆகும்.”

“ஆகட்டும் சார்,” என்று கும்பிட்டார் காத்தமுத்து. “நாளைக்கு உங்க பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குன்னு தேய்க்கக் கொடுத்த பட்டு வேட்டி என்கிட்டதான் இருக்கு. அதையும் நான் பரிசீலிச்சுட்டுத் தர்றேன்.”

மேனேஜர் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.