இலக்கு குடிவந்த வீடு

பாளையங்கோட்டையில் ஜெபமலர் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். குழந்தைகள் வார்டில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. அவள் மனம் ஒரு சின்ன வீடு மாதிரி. அதில் வெகுகாலமாக மூன்று பேர் குடியிருந்தார்கள். மூத்தது கவலை. அடுத்தது ஞாபகம். மூன்றாவது அவசரம், அது உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபமலர் தன் கணவன் செல்வினோடு ஊருக்கு வெளியே இருந்த ரைஃபிள் கிளப்புக்குப் போனாள். செல்வின் பள்ளி வேன் ஓட்டுபவன். கிளப் செயலாளரின் பிள்ளைகள் அவன் வேனில்தான் போய்வந்தார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த அழைப்பு. வேடிக்கை பார்க்கப் போனவள் கையில் யாரோ ஏர் ரைஃபிளைக் கொடுத்தார்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை. அட்டையில் ஒரு கறுப்பு வட்டம். அவள் சுட்ட ஐந்தாவது குண்டு வட்டத்தின் நட்டநடுவில் துளை போட்டது.

அன்று மாலை அவள் மனதுக்குள் நான்காவதாக ஒன்று வந்து நின்றது.

"நீ யாரு?" என்று கேட்டது கவலை.

"இலக்கு."

"எத்தனை நாள் தங்கப்போற?"

"தெரியல. பாயை எங்க விரிக்கட்டும்?"

மூலையில்தான் விரித்தது. ஜெபமலர் ஞாயிறுதோறும் கிளப்புக்குப் போய்ச் சுடப் பழகினாள். ஆனால் ஆறு மாதத்துக்குள் எந்த அறைக்குப் போனாலும் அதுதான் இருந்தது. தோசை வார்க்கும்போது நடுவில் விழும் துளையையே ஜெபமலர் பார்த்துக்கொண்டிருப்பாள். ரேஷன் கடை வரிசையில், சுடுவதற்கு நிற்பதுபோல் பாதங்களைத் தோள் அகலத்துக்கு நகர்த்தி வைத்து நிற்பாள். டம்ளரில் பால் ஊற்றும்போது பாதி மூச்சை விட்டுவிட்டு, மீதியை நிறுத்திப் பிடிப்பாள்.

"ஜெபா, நான் பேசிட்டிருக்கேன்," என்றான் செல்வின் ஒருநாள். "நீ என்னப் பாக்கியா, எஞ்சட்டப் பொத்தானப் பாக்கியா?"

"ரெண்டாவது பொத்தான," என்று உண்மையைச் சொன்னாள். செல்வின் சிரித்துவிட்டான்.

உள்ளே இருந்தவர்கள் சிரிக்கவில்லை. மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முந்தின நாள் மூவரும் கூடினார்கள்.

"நேத்து குழம்புல உப்பு ரெண்டு தடவ விழுந்திருக்கு," என்றது ஞாபகம். "நான் சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

"பஸ்ஸு ஸ்டாப்பத் தாண்டிப் போயிருச்சு. முன்சீட்டுக்காரர் காதுல இருந்த மச்சத்தக் குறி பாத்துட்டே வந்திருக்கா!" என்று குதித்தது அவசரம்.

கவலை மெதுவாகப் பேசியது. "குழம்பு போகட்டும், பஸ்ஸு போகட்டும். நாளைக்கு வார்டுல ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ஜெபமலர் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் செல்வினிடம் சொன்னாள்: "போட்டிக்குப் பேரு குடுக்கப் போறதில்ல. கிளப்புக்கும் இனிமே போகல. மனசு பூரா அதுதான் இருக்கு. வார்டுல தப்பு நடந்துட்டா?"

"இதுவரைக்கும் நடந்துச்சா?"

"நடந்தப்புறமா நிறுத்துறது?"

உள்ளே இலக்கு பாயைச் சுருட்டத் தொடங்கியது.

மறுநாள் மதியம் பேச்சித்தாய் என்ற பெண் ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் ஓடிவந்தாள். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. குழந்தையின் உடம்பு வற்றிக் கிடந்தது, அழக்கூடத் தெம்பில்லை. உடனே டிரிப் ஏற்ற வேண்டும். ஆனால் நரம்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. டாக்டர் அருள்மதி கையில் ஒரு தடவை, காலில் ஒரு தடவை ஊசி போட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஊசியை ஜெபமலரிடம் நீட்டினாள்.

"சிஸ்டர், நீங்க பாருங்க."

ஜெபமலர் ஊசியை வாங்கினாள். உள்ளே கவலை அலறியது. அவசரம் அவள் கையைப் பிடித்துத் தள்ளியது: "குத்து! குத்து!" ஊசிமுனை குழந்தையின் தோலுக்கு அரை அங்குலத்தில் நின்றது. முனை லேசாக ஆடியது.

சுருட்டிய பாயோடு வாசல்வரை போயிருந்த இலக்கு திரும்பிப் பார்த்தது.

"ஆடுனா எறக்கு," என்றது. "எறக்கிட்டு மறுபடி எடு. ஆடுற கையால சுடாத."

ஜெபமலர் ஊசியை இறக்கினாள்.

"ஏன் சிஸ்டர் நிறுத்திட்டீங்க?" என்று பதறினாள் டாக்டர்.

"அம்மா, ஏதாவது செய்ங்கம்மா!" பேச்சித்தாய் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"செய்றேன் தாயி. ஒரு நிமிஷம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். அந்த அமைதியில்தான் ஞாபகத்தின் குரல் கேட்டது: "காதுக்கு மேல, முடிக்குள்ள ஒரு நரம்பு ஓடும். அங்க பாரு."

முடியை ஒதுக்கினாள். துடைத்தாள். நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. உலகத்தில் அந்தக் கோட்டைத் தவிர எதுவும் இல்லை. ஊசி நுழைந்தது. அதன் பின்புறம் சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்த்தது. நரம்பு கிடைத்துவிட்டது.

டிரிப் ஏறி, சாயங்காலம் அந்த வற்றிக் கிடந்த குழந்தை கண்ணீரோடு அழுதது. பேச்சித்தாய் ஜெபமலரின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"குத்த வந்த ஊசிய எறக்கிட்டு மறுபடி எடுத்தீங்களே," என்றாள் அருள்மதி. "எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. எங்க கத்துக்கிட்டீங்க?"

அதுவரை வார்டில் யாரிடமும் சொல்லாததை ஜெபமலர் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "ரைஃபிள் கிளப்புல, மேடம்."

உள்ளே முதலில் பேசியது கவலைதான். "பேரு குடுக்க இன்னைக்குத்தானே கடைசி? ஆறு மணிக்கு மூடிருவாங்களே! கெளம்புங்க, கெளம்புங்க!"

போட்டியில் ஆளுக்கு நாற்பது குண்டு. இருபத்தேழாவதைச் சுட்டபோது பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்: "அந்த நர்ஸம்மாதான் முன்னால போறாங்க."

உடனே மனவீட்டின் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. பட்டு உடுத்தி, கையில் மாலையோடு பெருமை நின்றிருந்தது. "முன்னறைய ஒழிச்சுக் குடுங்க. நான் வந்துட்டேன்."

இலக்கு கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்தது. "உனக்கு இடம் உண்டு. ஆனா இப்ப வாசல்ல நில்லு. இன்னும் பதிமூணு குண்டு பாக்கி."

பெருமை முணுமுணுத்துக்கொண்டே நின்றது.

நாற்பதாவது குண்டும் முடிந்தது. ஜெபமலர் ரைஃபிளைக் கீழே வைத்தாள். கல்லூரி மாணவி ஒருத்தி கடைசிச் சுற்றில் அவளை முந்தியிருந்தாள். ஜெபமலருக்கு இரண்டாவது இடம். பெயரை அறிவித்ததும் செல்வின் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினான்.

வாசலில் பெருமை மாலையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தது. "ரெண்டாவதுதானா? அப்ப நான் போயிரட்டுமா?"

இலக்கு கதவை அகலத் திறந்தது.

"எங்க போற? நாப்பதையும் ஆடாத கையாலதான் சுட்டிருக்கா. உள்ள வந்து உக்காரு."