பினாயில் போட்டுக் கழுவிய மண்டபம்

கடலோரத்தில் ஒரு மடம். புயல் என்றால் ஊரே அதன் மண்டபத்துக்குத்தான் ஓடி வரும். மடத்தின் தலைவி தாயம்மைக்கு நாற்பது வயது. இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிப்போய், சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அவருடைய சீடர் தில்லையம்பலத்துக்கோ அறுபத்திரண்டு. மகள் வயசில் ஒரு குருவா என்று கேலி பேசியவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன ஒரே பதில், “ஆமாம், அதுக்கென்ன இப்போ?”

அந்த மனுஷருக்கு ஓர் ஏக்கம் இருந்தது. மனைவி சௌந்தரம், மடத்துக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில், ஒரு குடிசையில் தனியாக இருந்தாள். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. சாம்பிராணி, ஊதுபத்தி, புதுப் பெயிண்ட், எதன் நெடி பட்டாலும் அவளுக்கு மூச்சு அடைத்துவிடும், தலை சுற்றி விழுந்துவிடுவாள். மடத்தில் இருக்க முடியாமல் போய் எட்டு வருஷம் ஆகிறது. வேஷம் போடுகிறாள் என்றுகூடச் சிலர் சொன்னார்கள், பாவிகள். சாயங்காலம் அவள் குடிசையில் விளக்கு தெரிந்த பிறகுதான் இவருக்கு மனசு அடங்கும். அவள் பக்கத்தில் இல்லையே என்று தினமும் வருந்தினார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். அடைக்கலம் என்று வருகிறவர்களுக்கு வாசலில் சாம்பிராணி காட்டித்தான் உள்ளே அழைப்பார்கள். தூபக்கால் பிடிப்பது தில்லையம்பலத்தின் வேலை. போன வருஷப் புயலில் சௌந்தரம் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். “உள்ளே வா! உள்ளே வா!” என்று கத்தினார் மனுஷர், கையில் புகைகிற தூபக்காலோடு! அவள் படியிலேயே இருமி, மடங்கி, திரும்பிப் போய்விட்டாள். புயல் ஓயும்வரை கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் கிடந்தாள். உயிரோடு இருந்ததே பெரிய காரியம்.

இந்த வருஷம் ஆடி மாதமே தில்லையம்பலம் வேலையில் இறங்கிவிட்டார். சக்கர நாற்காலி ஏறப் படியோரம் ஒரு சரிவு கட்டினார். கண் தெரியாதவர்கள் பிடித்து நடக்கச் சுவரோடு கயிறு கட்டினார். பிறகு குருவிடம் வந்து நின்றார்.

“அம்மா, மண்டபம் தயார். சௌந்தரத்துக்காக சாம்பிராணி வாசனையே இல்லாமப் பண்ணிட்டேன்.”

“எப்படி?”

“ரெண்டு கேன் பினாயில் ஊத்திக் கழுவினேன்.”

தாயம்மை சிரித்துவிட்டார். “அவங்களைக் கேட்டீங்களா?”

“என் பொண்டாட்டியை எனக்குத் தெரியாதா அம்மா?”

“போய்க் கேளுங்க.”

போனார். சௌந்தரம் அவரைப் பத்தடிக்கு அப்பாலேயே நிறுத்தினாள். சட்டையெல்லாம் பினாயில் நெடி.

“ஐயோ, சாம்பிராணியே தேவலை!” என்றாள். “வெந்நீரும் சாம்பலும் போட்டுத் தேய்ங்க. ஒரு மாசம் கதவு ஜன்னலைத் திறந்து போட்டுக் காத்தாட விடுங்க. வடக்கு ஜன்னலோரம் எனக்கு ஒரு பாய் இடம் போதும்.”

திரும்பி வந்து குருவிடம் சொன்னார். “வாசல்ல சாம்பிராணி காட்டற வழக்கத்தை என்ன பண்றது அம்மா?”

“கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிடுங்க. போதும்.”

மடத்தில் முணுமுணுத்தார்கள். தாயம்மை காதில் போட்டுக்கொள்ளவில்லை. தில்லையம்பலம் ஒரு மாசம் இடுப்பு ஒடியத் தேய்த்தார். தன் வேட்டி சட்டையையும் வெறும் தண்ணீரில் அலசி அலசி உடுத்தினார். மூக்கைத் தரையோடு வைத்து மோந்து பார்த்தார். கடல் காற்றைத் தவிர ஒரு வாசனை இல்லை. சந்தோஷத்தில் சின்னப் பிள்ளை மாதிரி வடக்கே ஓடினார்.

இந்தத் தடவை சௌந்தரம் அவரைக் கிட்டே வர விட்டாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தார். காதோரம் எல்லாம் நரைத்திருந்தது.

“எல்லாம் நீ சொன்னபடி ஆச்சு. வந்துடணும், என்ன?”

அவள் முகம் மலர்ந்தது. “எப்ப வரட்டும்?”

“புயல் எச்சரிக்கை வந்ததும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் இங்கேயே பத்திரமா இரு.”

 சௌந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் வரலை.”

“செத்துப் போயிடுவேடி!”

“போறேன்.”

எவ்வளவு கெஞ்சியும் அவள் மசியவில்லை. தில்லையம்பலம் வேர்க்க விறுவிறுக்க மடத்துக்கு வந்து, குருவின் நாற்காலி அருகே தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

“மாட்டேங்கிறா அம்மா. இன்னொரு புயலை அந்தக் குடிசை தாங்காது. அவ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? மண்டபத்துல இன்னும் என்ன குறை? சொல்லுங்க, ராப்பகலா உழைச்சுத் தயார் பண்றேன்.”

“என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?”

“புயல் வந்தா வந்துடுன்னு.”

தாயம்மை ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

“இன்னிக்கு வெயில் நல்லாத்தானே அடிக்குது, ஐயா? இன்னிக்கு வரச் சொன்னீங்களா?”