ஏழாம் சர்வரில் ஒட்டிய பெயர்

பொறாமைக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது. இருந்திருந்தால் ஐம்பத்தொரு வயதில் குழந்தைவேலுவை அது விட்டுப் போயிருக்க வேண்டும். செவ்வந்தி கண் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், சர்வர் அறையின் அந்தக் குளிரிலும் அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

எரிச்சலின் பெயர் நூருல்லா. வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

அறைக்குப் பொறுப்பாளர் ஜெசிந்தா. குழந்தைவேலுவை விடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் அவரைத்தான் குழந்தைவேலு குருவாக வரித்திருந்தார். பழைய கம்பெனி மூடிய பிறகு இங்கே வந்து, கேபிள் செருகுவதிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம்தான் புதிதாகக் கற்றுக்கொண்டார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. குருவுக்கு இன்னொரு சீடன் வாய்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த மாதம் ஜெசிந்தா தேனிக் கிளைக்குப் போகிறார். அறையை இருவரில் யாரிடம் ஒப்படைப்பது என்று திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லியிருந்தார். குழந்தைவேலு அதைக் கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த சர்வரில் யார் அப்டேட் செய்தாலும், வெள்ளை டேப்பில் தேதி, வெர்ஷன், பெயர் மூன்றையும் எழுதி அதன் முகப்பில் ஒட்ட வேண்டும். நூருல்லா 'நூ' என்று ஒற்றை எழுத்தோடு முடித்துக்கொள்வான். நாலு மாதமாக எந்தப் பக்கம் திரும்பினாலும் நூ, நூ, நூ. ஒருநாள் யாரும் இல்லாதபோது குழந்தைவேலு எண்ணியே பார்த்தார். பதினொன்று இருந்தது. தன் பெயர் மூன்று.

போதாததற்குப் போன மாதம் கண்ணாடிக் கதவு வழியாக ஒன்றைப் பார்த்துத் தொலைத்தார். ஏழாம் சர்வரின் பின்னால் ஜெசிந்தாவும் நூருல்லாவும் குந்தி உட்கார்ந்து அரைமணி நேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"என்ன நூரு, ரொம்ப நேரமா?"

"சும்மாதாண்ணே. ஒரு சந்தேகம்."

அந்த 'சும்மா' குழந்தைவேலுவுக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது. தனக்குச் சொல்லாத வித்தை ஏதோ அவனுக்குப் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நூருல்லா தன் தங்கையின் நிக்காஹுக்காக நத்தம் கிளம்பினான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஏழாம் நம்பர் அப்டேட் இருக்கு. மொதல்ல டிஸ்க் கன்ட்ரோலரோட ஃபர்ம்வேரை ஏத்திடுங்க. அப்புறம் ஓஎஸ். மாத்திப் பண்ணா மெஷின் எந்திரிக்காதாம். கோப்பெல்லாம் பொது ஃபோல்டர்ல போட்டு..."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. சும்மா சொன்னேன்."

தெரியும்தான். ஃபர்ம்வேர் என்பது டிஸ்க்கை இயக்கும் அந்தக் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல். அதன் மேல்தான் மொத்த மெஷினையும் நடத்தும் ஓஎஸ் ஏறி உட்கார வேண்டும். அடியைச் சரி செய்துவிட்டு மேலே போவதை, நூருல்லா வாய் திறக்காமல் இருந்திருந்தால் குழந்தைவேலு தானாகவே செய்திருப்பார். சொன்னது அவனாயிற்றே.

ஞாயிறு காலை செருப்பை வெளியே விட்டுவிட்டு அறைக்குள் நுழைந்தார். முதலில் ஓஎஸ்ஸை அப்டேட் செய்தார். வேறு யாரும் இல்லாததால் அதில் ஒரு தனி ருசி இருந்தது.

சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. டேப்பைக் கிழித்தார். தேதி, வெர்ஷன், அதன்பின் 'குழந்தைவேலு' என்று முழுப்பெயர். நீளமான பெயர், டேப்பும் நீளமாகிவிட்டது. முகப்பின் வலது ஓரம் வரை போயிற்று. அங்கே ஏதோ சின்ன பிளாஸ்டிக் விளிம்பு விரலில் தட்டியது. அதன் மேலேயே அழுத்தி ஒட்டினார்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. ஓஎஸ் எழவில்லை.

மறுபடி அணைத்துப் போட்டார். எழவில்லை. ஃபர்ம்வேரையாவது இப்போது ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், அவரிடம் இருந்த கோப்பு ஓஎஸ்ஸுக்குள்ளிருந்துதான் ஓடும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாகிவிட்டது.

ஒன்பது தடவை அணைத்துப் போட்டார். வழி ஒன்று இல்லாமலில்லை. டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் பழைய ஓஎஸ்ஸையே புதிதாகப் போட்டால் எழுந்துவிடும். ஆனால் நாளை ஆபரேஷனுக்கு இருக்கும் நாற்பது பேரின் கண் படங்கள் அதில்தான் இருந்தன. வெள்ளி, சனி எடுத்தவை. அவற்றுக்கு இன்னும் பிரதி எடுக்கவில்லை.

இன்னொரு வழி நூருல்லாவுக்குப் போன் போடுவது. குழந்தைவேலு இரண்டையும் எடை போட்டார். நாற்பது பேரும் மறுபடி வந்து படம் எடுத்துக்கொள்ளட்டும், கரண்டு மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம் என்று மனசு சொன்னது. அப்படிச் சொன்னதற்கு அவருக்கே கூசியது. இருந்தும் பழைய ஓஎஸ் இருந்த பென்டிரைவைச் செருகிவிட்டார்.

கதவு திறந்தது. ஜெசிந்தா மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். திரையைப் பார்த்தார், பென்டிரைவைப் பார்த்தார், முகப்பில் இருந்த நீள டேப்பையும் பார்த்தார்.

"எந்திரிக்கலையா, வேலு சார்?"

"இல்ல மேடம்."

"எதை மொதல்ல பண்ணீங்க?"

குழந்தைவேலு தரையைப் பார்த்தார். "ஓஎஸ்ஸை."

ஜெசிந்தா பென்டிரைவைப் பிடுங்கி மேசையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது குழந்தைவேலுவுக்கு.

"மெஷினை முழுசா அணைங்க."

அணைத்தார். விசிறிகளின் இரைச்சல் அடங்கியது.

"பின்னாடி வந்து பாருங்க. என்ன தெரியுது?"

போய்க் குந்தினார். போன மாதம் அவர்கள் இருவரும் குந்தியிருந்த அதே இடம். இருட்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அணைச்சாச்சு. இது ஏன் எரியுது?"

"அது தனி. சர்வருக்குள்ளயே இன்னொரு குட்டி கம்ப்யூட்டர். கரண்டு இருக்கிற வரைக்கும் முழிச்சிருக்கும். ஓஎஸ் செத்தாலும் அதுக்குக் கவலையில்ல. அது வழியா ஃபர்ம்வேரை ஏத்தலாம்."

குழந்தைவேலுவால் வாயை அடக்க முடியவில்லை.

"இதைத்தான் அன்னிக்கு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா? அவனுக்கு மட்டும்?"

"அவன் கேட்டான், சார். அணைச்ச மெஷின்ல விளக்கு எதுக்கு எரியுதுன்னு கேட்டான். எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் கையேட்டைப் பிரிச்சுப் பார்த்தோம்."

"நான் அஞ்சு வருஷமா இருக்கேன் மேடம்."

"ஆமா. அந்த விளக்கும் அஞ்சு வருஷமா எரியுது."

குழந்தைவேலு அந்த விளக்குக்குப் பக்கத்தில் இருந்த போர்ட்டில் கேபிளைச் செருகி, மடிக்கணினியோடு இணைத்தார். ஒரு பக்கம் திறந்தது. பாஸ்வேர்ட் கேட்டது.

"என்ன போடணும்?"

"நூருல்லாவைக் கேளுங்க."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குழந்தைவேலு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. நாற்பது பேரின் கண் ஒரு பக்கம், அவருடைய மூக்கு ஒரு பக்கம். கடைசியில் கண் ஜெயித்தது. எண்ணை அழுத்தினார்.

பின்னணியில் கல்யாண வீட்டுச் சத்தம். "சொல்லுங்கண்ணே! விருந்துக்கு வந்திருக்கலாம்ல?"

"நூரு... ஏழாம் நம்பர் எந்திரிக்கல. நான்தான் மாத்திப் பண்ணிட்டேன்."

இப்போது சிரிப்பான் என்று குழந்தைவேலு காத்திருந்தார். சிரிக்கவில்லை.

"அதனால என்னண்ணே. பின்பக்க போர்ட்டுக்கு ஏத்த கோப்பும் பொது ஃபோல்டர்ல இருக்கு. ஏத்திடலாம்."

"பாஸ்வேர்ட் கேக்குது. உன்கிட்டதான் இருக்காமே."

"என்கிட்ட ஏதுண்ணே? அது மெஷின்லயேதான் இருக்கு. முகப்புல வலது ஓரமா ஒரு பிளாஸ்டிக் விளிம்பு இருக்கும் பாருங்க. இழுத்தா சின்ன அட்டை ஒண்ணு வெளிய வரும். அதுல அச்சடிச்சிருக்கும். யார் வேணாலும் பார்க்கலாம்."

குழந்தைவேலு முன்பக்கம் வந்தார். வலது ஓரத்தைப் பார்த்தார். அவர் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தன.

நகத்தால் சுரண்டினார். நன்றாக அழுத்தி ஒட்டிய டேப், எளிதில் வரவில்லை. 'லு' முதலில் பெயர்ந்தது, பிறகு 'வே'. பாதி கிழித்து விட்டுவிடலாமா என்று பார்த்தார், அசிங்கமாக இருந்தது. முழுப்பெயரையும் உரித்து எடுத்தார். அது சுருண்டு விரலில் ஒட்டிக்கொண்டது, உதறினாலும் விழவில்லை.

விளிம்பை இழுத்தார். அட்டை வந்தது.

"கிடைச்சுதாண்ணே?"

"கிடைச்சுது," என்றார். பிறகு, "தங்கச்சிக்கு என் வாழ்த்தைச் சொல்லு," என்றார். நிஜமாகத்தான் சொன்னார். வயிற்றெரிச்சல் முழுதாக அணைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, குரல் மட்டும் தெளிவாக வந்தது.

ஃபர்ம்வேர் இருபது நிமிஷத்தில் ஏறியது. சர்வரைப் போட்டார். விசிறிகள் இரைந்தன. திரையில் எழுத்துகள் ஓடின, ஓஎஸ் எழுந்தது. நாற்பது பேரின் கண் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன.

ஜெசிந்தா எழுந்து பையை எடுத்துக்கொண்டார். குழந்தைவேலு வழியை மறித்து நின்றார்.

"நாளைக்கு நூரு பேரைத்தானே சொல்லப் போறீங்க, மேடம்?"

"இன்னிக்குக் காலை வரைக்கும் உங்க பேரைத்தான் நினைச்சு வச்சிருந்தேன்."

குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப?"

ஜெசிந்தா மேசையிலிருந்த டேப்புச் சுருளையும் பேனாவையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வேலையை முடிச்சிருக்கீங்க. எழுதி ஒட்டுங்க."

தேதி எழுதினார். வெர்ஷன் எழுதினார். பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. துண்டு டேப்பை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எங்க ஒட்டட்டும், மேடம்?"

"எங்க வேணா ஒட்டுங்க, வேலு சார். அந்த அட்டையை மட்டும் மறைக்காதீங்க."