அரசர் உண்ட பலாவும் பசு உண்ட பலாவும்

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று கேட்காதீர்கள், ஓர் அரசர் இருந்தார். மழை பொய்த்து ஊரே வாடிய அந்தக் கோடையில் அவர் மட்டும் வாடவில்லை. காலையில் மாம்பழச் சாறு, மதியம் தேனில் ஊறிய பலாச்சுளை, இரவில் வாழைப்பழப் பாயசம் என்று மக்களுக்காகக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தார்.

ஒருநாள் பாயசத்துக்குப் பால் இல்லை. அரண்மனைப் பசுக்கள் வற்றிவிட்டன. வைக்கோலும் கொஞ்சமே மிச்சம். அப்போதுதான் அரசருக்கு நாட்டில் பஞ்சம் என்பது தெரிந்தது.

மந்திரி கேசவராயருக்கு விகடகவி விடங்கன்மேல் நெடுநாளாகவே எரிச்சல். பசுவும் அரசரைப் போல உண்டால் பால் தானாகச் சுரக்கும், அதை நடத்திக் காட்டும் அறிவு விடங்கனுக்கே உண்டு என்று வாயாரப் புகழ்ந்தார். அரசர் விடங்கனை அழைத்து ஆணையிட்டார்:

"நான் உண்ணும் பழத்தையே என் பசுக்களும் உண்ண வேண்டும். என் பங்கில் ஒரு வாய்கூடக் குறையக் கூடாது. தவறினால் நீ இந்நாட்டில் இருக்கக் கூடாது."

தோட்டத்துப் பழமெல்லாம் அரசரின் தொண்டைக்கே போதவில்லை. விடங்கன் கலங்கிப்போய் மடைப்பள்ளிப் பக்கம் நடந்தான். பின்புறம் மாம்பழத் தோல், சாறு பிழிந்த சக்கை, பலா மடல், வாழைத் தோல் எல்லாம் மலையாகக் குவிந்து ஈ மொய்க்கக் கிடந்தன. அன்றன்று விழுவதைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டான்.

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்கய்யா, நாத்தம் தாங்க முடியல," என்றார் சமையற்காரர் மாடசாமி.

அழுகியதை ஒதுக்கினான். தொண்டையில் சிக்குமென்று கொட்டைகளை நீக்கினான். மடலைப் பொடியாக நறுக்கி, தோலை வெயிலில் உலர்த்தி, வைக்கோலோடு கலந்து வைத்தான். பசுக்கள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. விடங்கன் மனத்துக்குள் மூட்டை கட்டத் தொடங்கினான். அப்போது ஒரு கிழப்பசு நக்கிப் பார்த்தது. பிறகு தொட்டியை விட்டு அது தலையைத் தூக்கவே இல்லை.

நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினான். சில வாரங்களில் பால் சுரந்தது. பாயசமும் திரும்பியது. கேசவராயருக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை. அரசரின் எச்சிலைக் கோமாதாவுக்குப் போடுகிறான் என்று கோள் சொன்னார். அரசர் கொட்டிலுக்கே வந்துவிட்டார்.

"பழம் தரச் சொன்னேன். நீ குப்பையைத் தந்திருக்கிறாய்."

"அரசே, இன்று தாங்கள் உண்டது எந்தப் பழம்?"

"பலா."

"இதுவும் அதே பலாதான். தாங்கள் உள்ளிருந்து உண்டீர்கள், பசு வெளியிலிருந்து உண்டது. வாய் படுமுன்பே மடைப்பள்ளியில் பிரித்த பங்கு இது, எச்சில் அன்று. வேறு பழம் தந்திருந்தால் அல்லவா ஆணையை மீறியவனாவேன்? மடலும் பழத்தில் சேர்த்தி இல்லையென்றால் மந்திரியார் சொல்லட்டும். நாளை முதல் மடல் இல்லாமல் காய்க்கும் பலாவை அவரே கொண்டுவரட்டும்."

கேசவராயர் பசுவைப் பார்த்தார். பசு மென்றுகொண்டிருந்தது.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையை விடங்கனுக்குப் போட்டார். பசுக்களின்மேல் இவ்வளவு அக்கறை கொண்ட மந்திரிக்கும் ஏதாவது செய்யவேண்டும் அல்லவா? பலா மடல் நறுக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். மறுநாள் அரசவையில் கேசவராயர் விரலை உயர்த்தி ஏதோ யோசனை சொல்ல முயன்றார். பலாப்பிசினில் ஐந்து விரலும் ஒட்டிக்கொண்டிருந்தன.