செலினுக்குத் தைச்ச செவப்புக் கோட்டு

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு செலின். வயசு பதினஞ்சு, வெடவெடன்னு ஒசரம். அவ ட்ரம்பெட்டை எடுத்து பப்பரப்பேன்னு ஊதினான்னா, தெருக்கோடி நாய் எந்திரிச்சு உக்காந்து கேக்கும்.

என்னது, கொரைக்காதான்னா கேக்குற? மொதல்ல கொரைச்சுது. அவ ஒழுங்கா ஊதப் பழகினதும் வாயை மூடிக்கிச்சு. நீ ‘ம்’ மட்டும் கொட்டு.

ம்.

அந்த ஊர் மாதா கோயில் திருவிழாவுல சப்பரம் வரும். அதுக்கு முன்னால பேண்டு செட்டு போகும். எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, அது மேல ஒடம்போட ஒட்டினாப்ல கையில்லாத செவப்புக் கோட்டு. பேண்டு மாஸ்டர் லூர்துசாமி செலினைக் கூப்பிட்டு, “இந்த வருசம் நீயும் ஊது. ஆனா கோட்டு தொளதொளன்னு இருந்தா வரிசையில நிக்க விடமாட்டேன்”னுட்டார். இருந்த கோட்டெல்லாம் பெரியாளுங்களோடது. தைக்கிறவரோ மக பிரசவத்துக்கு வெளியூர் போயிட்டார். அப்போ மாஸ்டர் என்ன பண்ணார், செவப்புத் துணி, உள்ள வைக்க மஞ்ச லைனிங், அளவுக்கு ஒரு பேப்பர் கட்டிங், மூணையும் குடுத்தனுப்பிட்டார்.

செலினோட அப்பா சவரிமுத்து, “குடும்மா, நான் தைக்கிறேன்”னார். அவரும் தைக்கிறவர்தான். ஆனா எதை? அரிசி ஆலையில மூட்டைக்கு வாய் தைக்கிறவர்! அவர் தைச்சா ஒரு மணி அரிசி வெளிய வராது.

ம்.

அந்தத் துணி ஒரு பக்கம் பளபள, ஒரு பக்கம் மங்கல். சவரிமுத்து பேப்பரை வச்சு கரக் கரக்னு ஒரு முன்பக்கம் வெட்டினார். அப்புறம் பேப்பரைத் திருப்பாம அப்பிடியே வச்சு இன்னொண்ணு வெட்டினார். எடுத்து வச்சுப் பாத்தா, ரெண்டும் இடப்பக்கம்! ஒண்ணைத் திருப்பிப் போட்டா மங்கல் வெளிய வந்துடும்.

“ஏம்ப்பா, எனக்கு என்ன ரெண்டு இடப்பக்கமா இருக்கு?”

“சிரிக்காத. முதுகுக்கு வச்ச துணியில வலப்பக்கத்தை வெட்டிடுறேன். முதுகுக்கு மஞ்சளே இருக்கட்டும். பின்னாடி யாரு பாக்கப் போறா?”

“சப்பரத்துல வர்ற மாதா பாப்பாங்க.”

“மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, போ.”

ம்...

அப்புறம் செவப்பும் மஞ்சளும், நல்ல பக்கத்தோட நல்ல பக்கம் சேத்து வச்சு, மிஷின்ல டர்ர்ர்ர்னு ஓட்டினார். சுத்திச் சுத்தி ஒரு எடம் விடல.

“அப்பா, உள்ளுக்குள்ள இருக்கிறத வெளிய திருப்பணுமே. வாய் எங்க?”

“வாய் விட்டா கொட்டிடும்ல?”

“கொட்டுறதுக்கு உள்ள அரிசியா இருக்கு!”

சவரிமுத்து நெத்தியில அடிச்சுக்கிட்டார். ஒவ்வொரு துண்டுலயும் ஒரு ஓரத்துல பொடக் பொடக்னு தையலைப் பிரிச்சார். அந்த ஓட்டையில கையை விட்டு இழுத்தார். சளக்! மினுமினுன்னு வந்துது செவப்பு. அப்புறம் தோள்பட்டையைச் சேத்து, ரெண்டு விலாவையும் மூட்டி, பொத்தான் வச்சார்.

முழிச்சிருக்கியா?

ம்...

திருவிழா சாயங்காலம் செலின் போட்டுப் பாத்தா. கச்சிதம்! சவரிமுத்துக்குப் பெருமையில மீசை துடிச்சுது. “எங்க, ஒண்ணு ஊது”ன்னார். அவ தம் கட்டி இழுத்தா பாரு, டப்! டப்! ரெண்டு பொத்தான் பறந்துது. ஒண்ணு கொழம்புச் சட்டியில போய் விழுந்துது. விலாவை மூட்டுறதுக்கு முன்னாடி மேல வச்சு அளவு பாத்தப்போ அப்பா “ஆடாம நில்லு”ன்னாரா, இவ மூச்சையும் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கா!

அப்போ கோயில் பக்கமிருந்து திடும் திடும்னு கொட்டுச் சத்தம். செலினுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. “நான் மெதுவா ஊதிக்கிறேம்ப்பா. மூச்சு ரொம்ப இழுக்காம.”

“மெதுவா ஊதவா இத்தனை நாள் என் காதைப் பொளந்த?”

சவரிமுத்து கோட்டைக் கழட்டச் சொல்லி, தான் மூட்டின ரெண்டு விலாவையும் சர்ர்ர்னு தானே பிரிச்சார். ஓரத்தை மடிச்சு, மஞ்சத் துணியில நாடா கிழிச்சு வச்சு, பக்கத்துக்கு மூணு முடிச்சுப் போட்டார். லூசா. பொத்தானையும் கழுவி வச்சார். இப்போ செலின் மூச்சை இழுத்தா விலா விரியும், விட்டா மூடிக்கும். மீன் செவுள் மாதிரி!

ரெண்டு பேரும் ஓட்டமா ஓடினாங்க. மாஸ்டர் முன்னால பாத்தார். திரும்பச் சொல்லி முதுகைப் பாத்தார். விலாவுல ஆடுற நாடாவைப் பாத்தார். மொகம் கடுகடு. “என்ன சவரி இது?”

சவரிமுத்து வாயத் தொறக்கறதுக்குள்ள செலின் இழுத்தா மூச்சை. செவுள் விரிஞ்சுது. பப்பரப்பேஏஏஏ! கோயில் கோபுரத்துப் புறாவெல்லாம் படபடபடன்னு பறந்துது. மாஸ்டர் நகந்து நின்னு, மொத வரிசையில கையைக் காட்டினார். “அங்க போய் நில்லு.”

சப்பரம் கெளம்பிச்சு. பெரிய கொட்டு அடிக்கிற தொந்திக்கார அந்தோணி மட்டும் அடிச்சுக்கிட்டே சவரிமுத்து காதுல, “அண்ணே, நாளைக்கு எனக்கும் ரெண்டு பக்கம் பிரிச்சு விடுங்க. பத்து வருசமா மூச்சு முட்டுதுண்ணே”ன்னார்.

அவ்ளோதான். முடிச்சையெல்லாம் அவுத்தாச்சு, கதையும் கோட்டும் கொடியில தொங்குது. மூச்சை நல்லா இழுத்து விட்டுத் தூங்கு.